வெறுமையாய் வந்த ஏழு மனுக்கள்

“சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லலேன்னா என் வேலை போயிடுங்க” என்று சொல்லிவிட்டு, குமாஸ்தா அம்மா துப்பறிவாளர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே மூடுபனி. தெருவே தூக்கம் கலையாத மாதிரி இருந்தது. துப்பறிவாளரின் மைத்துனருக்கு மட்டும் உற்சாகம் தாங்கவில்லை. அக்கா புருஷனான அத்தானோடு துப்பறியப் போவதென்றால் அவருக்குப் பசி கூட மறந்துவிடும்.

குமாஸ்தா வேலை பார்ப்பது வீட்டு வசதி அலுவலகத்தில். வீடு கேட்பவர்கள் இணையப் பக்கத்தில் மனு அனுப்புவார்கள். அதில் ஏழு மனுக்கள் வெறுமையாய் வந்திருந்தன; அனுப்பிய ஏழு பேரும் புகார் கொடுத்திருந்தார்கள். குமாஸ்தாதான் அழித்துவிட்டார் என்று மேலதிகாரி அடித்துச் சொன்னார்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது அலுவலகத்துக்குள்ளும் பனி புகுந்திருந்தது. அந்தக் கனவு போன்ற வெளிச்சத்தில் மைத்துனர் திரையை உற்றுப் பார்த்தார். பெயர் இல்லை, விலாசம் இல்லை. கடைசியில் ‘சரிபார்த்துவிட்டேன்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு டிக்.

“அத்தான், எல்லாத்தையும் அழிச்சவங்க டிக்கை மட்டும் ஏன் விட்டுவெச்சாங்க?”

“நல்லா கேட்டே மாப்ளே. மத்த மனுவுல டிக் இருக்கா பாரு.”

ஒன்றில்கூட இல்லை.

“புகார் குடுத்த ஏழு பேரும் என்ன வேலை பார்க்கறாங்கம்மா?”

“மருந்துக் கடைக்காரர், அச்சகத்துல பிழை திருத்துறவர், கணக்கு டீச்சர்... எல்லாம் அந்த மாதிரிதாங்க.”

அத்தான் மேலதிகாரியையும் இணையப் பக்கத்தை வடிவமைத்த இளைஞரையும் அருகில் அழைத்தார். தானே ஒரு மனு எழுதி டிக் போட்டார். விவரம் எழுதிய பெட்டிகள் எல்லாம் சாம்பல் நிறமாயின. அனுப்பினார். குமாஸ்தாவின் திரைக்கு டிக் மட்டும் வந்து சேர்ந்தது.

“டிக் போட்டா பெட்டிங்க பூட்டிக்குது. இப்படிப் பூட்டின பெட்டியில இருக்கறதை பிரவுசர் இங்க அனுப்பாது. டிக் கட்டாயமில்ல, அதனால அவசரக்காரங்க மனு முழுசா வந்திடுச்சு. நிதானமாப் படிச்சுப் பார்த்தவங்கதான் மாட்டிக்கிட்டாங்க.”

இளைஞர் தயங்கினார். “பூட்டச் சொன்னது குமாஸ்தா அம்மாதாங்க.”

குமாஸ்தாவின் முகம் வெளுத்தது. “ஆமா. படிச்சுப் பார்த்தப்புறம் கை பட்டு எதுவும் மாறிடக்கூடாதேன்னு சொன்னேன்.”

“அப்ப நீங்க அழிக்கலை” என்றார் மேலதிகாரி. மேஜையிலிருந்த வேலைநீக்க உத்தரவைக் கிழித்துப் போட்டார். 

குமாஸ்தா உடனே பிழை திருத்துபவருக்கு ஃபோன் போட்டார். “தப்பு எங்க மேலதாங்க. இன்னொரு தடவை அனுப்புங்க. சரிபார்க்காம அனுப்பினா போதும்.”

மறுமுனையிலிருந்து பதில் வந்தது.

“சரிபார்க்காமலா? அது எனக்கு வராதேம்மா.”

“அப்ப நீங்க சொல்லச் சொல்ல நானே எழுதிக்கறேங்க” என்றார் குமாஸ்தா. “எழுதி முடிச்சதும் படிச்சுக் காட்டறேன்.”