பூட்டிய வீட்டில் விளக்கு

அந்தப் பாழ்வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஹெட்மாஸ்டருக்குக் கால்வலியைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. ஓய்வு பெற்ற மனிதர். மலைமேல் குளிர்காற்று வாங்கிக்கொண்டிருக்க வேண்டியவர். சொந்த வீட்டின் பின்சந்தில் திருடனைப்போல் நின்றிருந்தார்.

சுற்றுலாக் கம்பெனிக்காரன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் கம்பளிக் கோட்டு தைத்துக் கொடுத்து வழியனுப்பியும் விட்டார். "போகலைன்னு சொன்னா நம்ம குடும்ப மானம் என்ன ஆகிறது?" என்று முன்கதவில் பூட்டைத் தொங்கவிட்டார் ஹெட்மாஸ்டர். உள்ளே ஒரு பாத்திரம் உருண்டாலும் தையல்காரருக்குக் கேட்டுவிடும். அதனால் பகலெல்லாம் பின்வழியே நழுவி வெளியே சுற்றுவது, இருட்டியதும் திரும்பி விளக்குப் போடாமல் படுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

மனைவிக்கு மட்டும் இது கொண்டாட்டம். "இத்தனை வருஷமா நம்ம கொல்லைக்குப் பின்னால என்ன இருக்குன்னே பார்க்கலியே!" தூர்ந்த குளம், கூரையில்லாத அச்சகம், சுவரைப் பிளந்து வளர்ந்த மரம் என்று ஒவ்வொன்றையும் வெளிநாடு பார்ப்பதுபோல் பார்த்தாள். இன்று இந்த மாடிவீடு.

"மாடியிலேர்ந்து நம்ம வீடே தெரியும்ங்க."

"நம்ம வீட்டைப் பார்க்க இத்தனை தூரம் சுத்தி வரணுமாக்கும்!"

கதவு தள்ளியதும் திறந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை, வௌவால் எச்சத்தின் நெடி. சாயங்கால வெளிச்சம் படிக்கட்டின் பாதியிலேயே நின்றுவிட்டது. மேலே ஒரே அறை. ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகள். அறையெங்கும் தூசி கனமாய்ப் படிந்திருந்தது.

நாற்காலிகளில் மட்டும் தூசி இல்லை.

ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு அப்பால், அவர்களுடைய சமையலறையில் விளக்கு எரிந்தது.

ஹெட்மாஸ்டருக்கு முதலில் வந்தது கோபம். "விளக்கை அணைக்காம வந்தியா? தெருவே பார்த்துடுமே!"

"நான் போடவே இல்லைங்க."

உள்ளே ஒருத்தி இடக்கையால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"ஏங்க," மனைவியின் குரல் மூச்சாகத்தான் வந்தது. "அது நான்."

படிகளில் எப்படி இறங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பின்சந்து வழியே ஓடி வந்து பின்கதவைத் தள்ளினார் ஹெட்மாஸ்டர். வெறுமனே சாத்திவிட்டுப் போன கதவு.

உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினார். அதையும் விரல்நுனியால், அக்கம்பக்கம் கேட்காதபடி.

"யாரது?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். வகுப்பறைகளை நடுங்கவைத்த அவருடைய சொந்தக் குரல்.

"சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்க!" மனைவி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

கூப்பிடலாம். கூப்பிட்டால் தையல்காரர் கேட்பாரே, மலைக்குப் போனவர் கொல்லையில் என்ன செய்கிறார் என்று! திறந்த வாயை மூடிக்கொண்டார். மனைவி அழ ஆரம்பித்த பிறகுதான் மானத்தை விட்டுக் கத்தினார்: "தையல்காரரே! நான்தான்யா, ஹெட்மாஸ்டர்! ஓடி வாங்க!"

தையல்காரர் பக்கத்துச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். கொல்லை முழுக்கப் பார்த்தார். நேராக ஹெட்மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அதையும் தாண்டிப் பார்த்தார்.

"உள்ள யாரு?" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

ஜன்னல் திறந்தது. "நான்தான்," என்றது அதே குரல்.

"அட, நீங்களா சார்! ஊருக்குப் போகலியா?"

"எங்கே போறது? கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். வெளியே சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் பூட்டிக்கிட்டு இருந்தோம்."

"இதுல என்ன சார் வெட்கம்! என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அது சரி, கொல்லையில ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

"பின்னால பாழ்வீடுதானே. காத்து அடிக்குது."

தையல்காரர் சிரித்தார். உள்ளே ஹெட்மாஸ்டரின் மனைவியும் சிரித்தாள், வழக்கம்போல் பாதியில் இருமிக்கொண்டு. வெளியே ஹெட்மாஸ்டரின் கையைப் பிடித்திருந்தவள் சிரிக்கவில்லை; தூசி படியாத இரண்டு நாற்காலிகள் காத்திருந்த மாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.