நிலைப் பூசை போடாத கதவு

மலைப்பாதையின் எழுபது வளைவிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்த பரிமளா, மலைமேல் செம்மேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மிச்சமிருந்ததையும் கக்கினாள். மலையில் வீடு கட்டுகிறேன் என்றதும் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள், மூன்று மாதம் கழித்து என்னோடு வாழ வந்திருக்கிறாள்.

ஹாலில் மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி ஒரு தள்ளுகதவு, முழுக்கக் கண்ணாடி. அடிவாரத்தில் இடித்துக்கொண்டிருந்த பழைய லாட்ஜிலிருந்து, பெரிய புத்திசாலிபோல நானே பேசி வாங்கி வந்தது. இழுத்துச் சாத்தினால் நாலு விரல் சந்து விட்டு நின்றுவிடும்.

"இந்தச் சந்துல பூரான் வருமுங்க. பொழுது சாயறதுக்குள்ள சாத்திக் காட்டுங்க. இல்லீன்னா கடைசி பஸ்ஸுக்கு எங்கம்மா ஊட்டுக்கே போயிருவேன்."

"சாத்திப்புடலாம் புள்ள."

"மத்த நிலைக்கெல்லாம் பூசை போட்டீங்களே, இதுக்குப் போட்டீங்களா?"

"கண்ணாடிக்கு எதுக்குப் பூசை? இது ஜன்னலுக்கு அண்ணன்."

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு வழக்கமாகக் கிடைக்கும் வரவேற்புதான்.

பழைய பல் பிரஷோடு கதவு வழுக்கி ஓடும் கீழ்க் காடியை ஒட்டிக் குப்புறப் படுத்தேன். முதலில் செத்த ஈசல் வந்தது. அப்புறம் கறுப்பாக ஒரு களி. அழுகின பலாச்சுளையும், மாதக்கணக்கில் குளிக்காத எண்ணெய்த் தலையும் சேர்ந்த வாடை. பிரஷில் ஒரு நரைமுடி சிக்கியது.

இழுத்தேன். வந்தது. முழங்கை நீளம் வந்தது. ஆள் நீளம் வந்தது. சளிபோலக் கொழகொழத்து விரல்களில் சுற்றிக்கொண்டது. நடுவே ஒட்டிக்கொண்டு ஒரு நகம்.

சதையோடு.

எழுந்து ஓடியிருக்கலாம். பஸ் வர அரைமணி நேரம்தான் இருந்தது. எந்தப் பூதத்தையும்விட பரிமளாவின் காலியான நாற்காலிக்குத்தான் எனக்கு அதிக பயம். இன்னொரு தடவை இழுத்தேன்.

மறுமுனையில் யாரோ இழுத்தார்கள்.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் பனிமூட்டம் மட்டும். ஆனால் முகத்தை அழுத்தி மூச்சு விட்டாற்போல் கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

கதவின் விளிம்பில், பிசுக்காக, நாலு விரல் தடம்.

அந்த லாட்ஜில் எந்தக் குளிரில், இந்தக் கிழ உயிரை யார் வெளியே தள்ளி, விரலோடு சேர்த்துச் சாத்தினார்களோ. அருவருப்பையும் மீறி மனசு இளகித் தொலைத்தது.

"குளிருதுங்களா?" என்றேன் மெல்ல. "சரி, உள்ள வந்துருங்க சாமி."

முடி தளர்ந்தது. யாரும் தொடாமலே கதவு வழுக்கிப் போய்ச் சாத்திக்கொண்டது.

பரிமளா ஒற்றை விரலால் அதைத் தள்ளிப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கிப் போனது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். நான் ஏழாவது முறையாகக் கைக்குச் சோப்புப் போட்டேன். வாடை போகவில்லை.

"ஏனுங்க," உள்ளிருந்து அவள் குரல். "ரூம்புக் கதவு சாத்த மாட்டேங்குது."

"எவ்வளவு சந்து விடுது?"

"நாலு விரல் இருக்குமுங்க. அட கருமமே, கீழ என்னமோ முடியாட்டம்..."