கடைசிக் கை

பிசைந்து வைத்த ரொட்டி மாவு, உர்சுலாவின் உள்ளங்கைக்குக் கீழே ஒருமுறை உதைத்தது.

நொதித்த மாவு உப்பும், குமிழி விடும், அமுங்கும். நாற்பது வருஷமாகப் பார்ப்பதுதான். இது அப்படியல்ல. ஈரத்துணிக்குள் சுற்றிய மீன் துள்ளுவதுபோல் ஒரே ஒரு துள்ளல். வலது கையை எடுத்துக்கொண்டு, புளிப்பு வாசனையும் நனைந்த விறகின் புகையும் கலந்து கிடந்த சமையலறையில், கூரைப்பனி உருகி வாசற்கல்லில் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி வெகுநேரம் நின்றாள். பிறகு இடது கையை வைத்தாள். மாவு சும்மா கிடந்தது. வலது கையை வைத்தாள்.

உதைத்தது.

வியாழக்கிழமை அந்தக் கையைத்தான் எம்மட்டின் வயிற்றில் வைத்தாள்.

எம்மட், எஜமானியின் வெள்ளிக் கிண்ணங்களைத் திருடிய வேலைக்காரி. தூக்கு என்று தீர்ப்பானதும், தான் பிள்ளைத்தாய்ச்சி என்றாள். சிசு அசைந்திருந்தால் பிரசவம்வரை தூக்கு கிடையாது. அதற்குப் பிறகு பெரும்பாலும் மன்னிப்புதான். அசைந்ததா என்று சொல்லவேண்டியவர்கள் பிள்ளை பெற்ற பன்னிரண்டு பெண்கள். சத்தியம் வாங்கி, கைதியோடு ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். உள்ளே நெருப்பில்லை, தின்ன ஒன்றுமில்லை. வெளியே நீதிபதிக்குச் சாப்பாட்டு நேரம். பதினோரு பேரின் கைகளும் குளிரில் மரத்திருந்தன. ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். கடைசிக் கை உர்சுலாவுடையது. அடுப்பிலேயே கிடந்து காய்த்துப்போன, எப்போதும் சூடான கை.

அசைந்தது. தெளிவாக. எம்மட் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"அசையல," என்றாள் உர்சுலா.

ஏன் அப்படிச் சொல்லக் கூடாது? அவள் மகன் கில்பர்ட் திருடியது ஒரே ஓர் ஆடு. வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தூக்கு இல்லை என்பது சட்டம். கூடத் திருடியவன் வேதப் புத்தகத்தில் ஒரு வரியை வாசித்துக் காட்டினான். கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிட்டார்கள். எழுத்து தெரியாத கில்பர்ட்டைத் தொங்கவிட்டார்கள். அதே மண்டபத்தில் இவள் மண்டியிட்டுக் கதறியபோது எவன் திரும்பிப் பார்த்தான்? படித்தவனுக்கு ஒரு மன்னிப்பு, வயிற்றைக் காட்டுகிறவளுக்கு ஒரு மன்னிப்பு, என் பிள்ளைக்கு மட்டும் கயிறா?

மேஜைப் பலகையில் கையை ஊன்றினாள். பலகை உதைத்தது. சுவர் உதைத்தது. கையைத் துடைக்க மடியில் அழுத்தினாள்.

அறுபது வயது வயிறு. உதைத்தது. கையை எடுத்தாள். உதை நிற்கவில்லை.

ரொட்டிக்குப் புளித்த மாவு கேட்டு, கையில் குவளையோடு பக்கத்து வீட்டு சிபில் வந்தாள். பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. நேற்றுத் தூக்குமரத்தடியில் நல்ல கூட்டமாம், எம்மட் அழவே இல்லையாம்.

"ஏணியில நின்னுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? கடைசியா தொட்டவங்களுக்குத் தெரியும், என் பிள்ளைய அவங்களே வச்சுக்கட்டும்னு சொன்னா. கொழுப்பப் பாத்தியாக்கா?"

உர்சுலா அவள் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

சிபில் சிரித்தாள். "இந்த வயசுலயா? யாரு, அந்தக் கொல்லன் கிழவனா?"

குளிர்ந்த கை. உள்ளே உதைமேல் உதை.

"ஒண்ணும் அசையலயேக்கா."

அது ஏறத் தொடங்கியது. மெதுவாக. விலா எலும்பில் கால் வைத்து. மார்புக்குப் பின்னால். தொண்டைக் குழி. எந்த வாய் சொன்னது என்று அதற்குத் தெரியும்.

ஒரே வார்த்தை. அசைந்தது. சொல்லிவிடலாம்.

கில்பர்ட்டின் கால்கள் காற்றில் உதறியது கண்ணில் வந்தது. பல்லைக் கடித்தாள்.

"ஏன் பேசாம நிக்கிற? வாயத் திறந்து பேசுக்கா."

எந்த வார்த்தை வரும் என்று தனக்கே தெரியாமல் திறந்தாள்.

சிபிலின் கையிலிருந்த குவளை விழுந்தது. அவள் பின்வாங்கிக் கதவில் மோதினாள். ஓடினாள்.

எதிர்ச்சுவரில் செம்புப் பாத்திரம். அதில் உர்சுலாவின் முகம். திறந்த வாய். கீழ்வரிசைப் பற்களை உள்ளிருந்து இறுகப் பற்றியபடி, வெளுத்த நான்கு சின்னஞ்சிறு விரல்கள்.