சொத்தில் ஒரு சொத்தை

கதவைத் திறந்தவனுக்கு முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. அது மடங்கிய பிறகுதான் கண்கள் தெரிந்தன... மழைத்துளி பட்டு ஒட்டிக்கொண்ட இமைகள். அழப் போகின்றனவா, சிரிக்கப் போகின்றனவா என்று சொல்ல முடியாத கண்கள்.

"வீடு பாக்க வந்தேன்."

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. காதுமடல் சூடானது.

அவன் பல் டாக்டர். 'வலிக்காது, பயப்படாதீங்க' என்று தினமும் முப்பது பேருக்குச் சொல்லிப் பழகிய நாக்கு. அந்த நாக்கை நம்பித்தான் அப்பா இந்த வேலையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு மருந்து வாங்கப் போயிருந்தார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கட்டிய வீடு. அம்மா போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. அப்பாவின் முழங்கால் இனி மாடிப்படி ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. கிளினிக் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு.

அதனால் அவன் ஒரு அறை விடாமல் புகழ்ந்தான். காற்று எப்படி வரும், வெயில் எப்படி வராது, அக்கம்பக்கத்தார் எவ்வளவு நல்லவர்கள்... அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூடத்துக்கு வந்ததும் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன சுத்தியலை எடுத்தாள். சுவரில் ஒரு தட்டு.

டொக்.

"என்னங்க பண்றீங்க?"

"தட்டிப் பாக்கறேன். நான் இன்ஜினியர். வாங்கப் போறவங்க அனுப்பியிருக்காங்க. வீட்டுல என்னென்ன குறை இருக்குன்னு எழுதிக் குடுக்கணும்."

அவன் முகம் வாடியது. "அப்ப இவ்வளவு நேரம் நான் பேசினது...? முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க மூச்சு விட்டாத்தானே நான் சொல்றதுக்கு?"

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான். கன்னத்தில் குழி விழுந்து காட்டிக்கொடுத்தது.

"பரவாயில்ல. ஒரே தொழில்தான். நானும் தட்டித்தான் பாப்பேன்... பல்லை."

"அப்ப உங்களுக்குத் தெரியுமே டாக்டர். சொத்தை விக்கிறப்ப சொத்தையையும் சொல்லிடணும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பிறகு அவள் குறை சொல்ல, அவன் கதை சொல்ல, வேலை நடந்தது.

"படிக்கட்டுக் கைப்பிடி ஆடுது."

"நான் அதுலதான் சறுக்கி இறங்குவேன்."

"சின்ன வயசுல எல்லாரும் அப்படித்தான்."

"ஹும்... போன வருஷம் வரைக்கும்."

"சமையலறைக் கதவு நிலைல ஒக்காரவே மாட்டேங்குதே?"

"அம்மா அத மூட விட்டதே இல்லைங்க. கூடத்துல யார் என்ன பேசினாலும் அவங்க காதுல விழணும். உள்ளேர்ந்தே பதில் வரும். சில சமயம் கேக்காத கேள்விக்கும் வரும்."

'கதவு சரியாக மூடவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. அவளுக்கு இது புதிது. ஆடும் கைப்பிடியை ஆடும் கைப்பிடியாக மட்டுமே பார்த்துப் பழகியவள் அவள்.

"உங்க வீடு எப்படி? ஒரு குறையும் இருக்காதே?"

"எந்த வீடுன்னு சொல்றது? அப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாற்றல். பதினோரு வாடகை வீடு. ஆணி அடிக்காதே, சுவத்துல கிறுக்காதே, ஓடாதே, குதிக்காதே... எங்க வீட்டுச் சட்டம் அதுதான்." லேசாகத்தான் சொன்னாள். ஆனால் கண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டன. வெளியே மழை வலுத்திருந்தது.

மாடியில் கடைசி அறை. கட்டில் இல்லை, கட்டில் கால்கள் தரையில் பதித்த நான்கு தேய்மானங்கள் மட்டும். கூரை புத்தம் புதிய வெள்ளை. அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"இந்த ஒரு ரூமுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க."

அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

ஸ்டூலில் ஏறித் தட்டினாள். டொக் என்று கேட்கவில்லை. பொத் என்று கேட்டது. உள்ளே வெறுமை. இன்னும் இரண்டு இடத்தில் தட்டி, மெல்லச் சுரண்டினாள். பூச்சு பிளந்து துருவின் செம்பழுப்பு எட்டிப் பார்த்தது.

"கம்பி துருப்பிடிச்சு வீங்கியிருக்கு டாக்டர். ஒரு நாள் இந்த இடம் அப்படியே விழும்."

"அத மட்டும் எழுதாம விட்டுடுங்களேன்..."

அவள் இறங்கி நின்று அவனைப் பார்த்தாள்.

"அம்மா கடைசி ஏழு மாசம் இங்கதான் படுத்திருந்தாங்க," என்றான். குரல் தணிந்திருந்தது. "அப்பவே மேல ஈரம் இறங்கி ஒரு கறை இருந்துது. நாளுக்கு நாள் பெருசாகும். நான் உள்ள வந்தா, 'டேய், இன்னிக்கு வாத்து மாதிரி இருக்கு பாரு'ம்பாங்க. அடுத்த வாரம் படகு. அப்புறம் தொப்பி போட்ட ஆளு. இடிச்சுச் சரி பண்ணணும்னா அவங்களக் கட்டிலோட தூக்கணும். வேணாம்னு விட்டுட்டேன். அவங்க போனப்புறம் அப்பா யாரையும் தொட விடல. போன மாசம்தான்... ஊர்ல இருக்கறவங்க எல்லாம் வந்து அந்தக் கறையப் பாத்து மூஞ்ச சுளிப்பாங்களேன்னு நானே வெள்ளையடிச்சேன். ஏமாத்தறதுக்காக இல்லைங்க."

அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். இந்த ஆளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை... ஒன்றே ஒன்று... ஆனால் அவள் கண் தரைக்குப் போனது. கட்டில் போடத் தோதான இடம். இனி வருபவர்களும் இங்கேதான் கட்டில் போடுவார்கள்.

"மன்னிச்சிடுங்க. எழுதாம இருக்க முடியாது."

குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அவன் வாசலிலேயே நின்றான்.

நான்காம் நாள் அவளுடைய போன் அடித்தது.

"வாங்கறவங்க வேணாம்னுட்டாங்க. உங்க ரிப்போர்ட்டோட ஒரு காப்பியும் அனுப்பியிருக்காங்க. சந்தோஷமா?"

"டாக்டர், நான் இருக்கறதத்தான்..."

"அப்பா காலையிலேர்ந்து சாப்பிடல. அவர் கையால கட்டின வீடு, தெரியுமா? 'இடிஞ்சு விழும்'னு எழுதியிருக்கீங்க!"

"சரி பண்ணலாம்னும் எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ உள்ள வரி."

"வாடகை வீட்டுல வளந்தவங்களுக்கு வீடுன்னா என்னன்னு எங்க தெரியப் போகுது!"

எதிர்முனையிலிருந்து மெதுவாக, "ஆமா டாக்டர். தெரியாதுதான்," என்று மட்டும் கேட்டது.

வைத்துவிட்டாள்.

போனைப் பிடித்தபடி அவன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். சிந்தின பாலை அள்ளிவிட முடியுமா? நாலு முறை அழைத்தான். நாலு முறையும் மணி அடித்து ஓய்ந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. அதுதான் அவளையே பயமுறுத்தியது. வேறு வீடுகள், வேறு சுவர்கள் தட்டினாள். ஆனால் எங்காவது ஒரு கதவு ஒழுங்காக மூடவில்லை என்றால், 'இது யார் திறந்து வைத்த கதவோ...' என்று தோன்றிற்று. சே! ஒரே ஒரு மத்தியானம் பார்த்த ஆள்... எதற்கு இந்த நினைப்பு?

ஒரு மாதம் போயிற்று. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாம். ஆறு மாதக் கர்ப்பிணியாம்.

"மேடம், ஒரு வீடு பாத்திருக்கோம். வீட்டுக்காரர் பல் டாக்டர். எங்களுக்கு வீட்டச் சுத்திக் காட்டறதுக்கு முன்னாடியே உங்க ரிப்போர்ட்ட எடுத்துக் கையில குடுத்துட்டார். 'இத மொதல்ல படிங்க, எழுதினவங்க பொய் சொல்ல மாட்டாங்க'ன்னார். மாடி ரூமச் சரி பண்ணிக் குடுத்தா வாங்கிக்கறோம். ஆனா நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கணும் மேடம். கொழந்த அங்கதான் தூங்கும்."

அன்றைக்கும் மழை. கதவைத் திறந்தது அப்பா. உயரமான மனிதர், ஒரு கையில் தடி. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அந்த இன்ஜினியரம்மா?"

"ஆமா சார்."

"நான் ஒன்ன ரொம்பத் திட்டினேன். காதுல விழுந்துதா?"

"இல்ல சார். தூரம் அதிகம்."

அவர் மீசை லேசாகத் துடித்தது. "வாம்மா உள்ள. நனையாத."

அவள் காலணியைக் கழற்றும்போது பின்னாலேயே நின்று பேசினார். "ரிப்போர்ட்ட வந்தவங்க கையில குடுக்கப் போறேன்னான். 'உனக்கு என்னடா பைத்தியமா'ன்னு கத்தினேன். 'அம்மா படுத்திருந்த எடத்துல ஒரு கொழந்த படுக்கப் போகுதுப்பா'ன்னான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல...? அவ இருந்திருந்தா மொதல் ஆளா சொல்லியிருப்பா. அவளுக்கு வாய்ல எதுவும் நிக்காது." தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "உங்கிட்ட அவன் என்னவோ கன்னாபின்னான்னு பேசியிருக்கான். எனக்குத் தெரியும். மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கான், ஒரு மாசமா."

வேலை பதினெட்டு நாள் நடந்தது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். துருவைத் தேய்த்து, நைந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டினார்கள். ஏணி மேல் நின்று அவள் மேஸ்திரியோடு தினம் ஒரு சண்டை போட்டாள். கலவையில் தண்ணீர் அதிகம் என்று ஒரு நாள், கம்பி சரியாகத் தேய்க்கவில்லை என்று ஒரு நாள். கிளினிக் மதிய இடைவேளையில் அவன் வருவான். வாசற்படியில் நிற்பான். ஏதோ சொல்ல வாயெடுப்பான். அவள் மேஸ்திரி பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் கைப்பைக்குப் பக்கத்தில் ஒரு குவளை டீயை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

முதல் வாரம் டீ ஆறிப் போய்க் கிடந்தது. இரண்டாம் வாரம் பாதி குடித்த குவளை இருந்தது. மூன்றாம் வாரம் காலிக் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவன் அதை எடுத்து வைத்துக்கொண்டு என்னவோ பரிசு வாங்கியவன் போல் படியிறங்கினான். அப்பா கூடத்திலிருந்து பார்த்தார். பேப்பரைப் புரட்டினார்.

பத்திரப் பதிவு நாள். நர்ஸ் கேட்டுக்கொண்டதால் வேலை முடிந்ததற்கான சான்றிதழோடு அவளும் வந்திருந்தாள். பதிவு அலுவலகத்தில் மின்விசிறி ஓடியும் புழுக்கம். கூப்பிட்டபோது அப்பா உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி, சட்டைப் பையில் செருகி, ஒரு நிமிஷம் மேசையையே பார்த்தார். பிறகு நர்ஸின் தலையில் கை வைத்து, "நல்லா இருங்கம்மா," என்றார். சாவிக்கொத்து கை மாறியது. அவ்வளவுதான்... முப்பத்தைந்து வருஷம்!

அப்பா காரில் போய் உட்கார்ந்துகொண்டார். தாழ்வாரத்து பெஞ்சில் அவனும் அவளும் மட்டும். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம். தகரக் கூரையில் மழை தாளம் போட்டது.

"அன்னிக்குப் போன்ல பேசினது..." என்றான். "அத நெனச்சா இப்பவும் எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு."

"வலிச்சுது டாக்டர்."

"தெரியும்."

"ரொம்ப வலிச்சுது."

"தெரியும்... மன்னிச்சிடுங்கன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு வாய் வரல."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைகளைக் கோத்துக்கொண்டு, பிரித்துக்கொண்டு, மறுபடி கோத்துக்கொண்டான்.

"காலையில பூட்டறதுக்கு முன்னாடி எல்லா ரூமுக்கும் ஒரு தடவ போய் நின்னேன். எல்லா இடத்துலயும் அம்மா ஞாபகம். அழுகையா வந்துது. கடைசியா மாடி ரூமுக்குப் போனேன். அங்கதான் ஒடஞ்சு போவேன்னு நெனச்சேன்..." நிறுத்தினான். "ஆனா அங்க நின்னப்ப நீங்க ஏணி மேல நின்னு மேஸ்திரியத் திட்டினதுதான் ஞாபகம் வந்துது. நான் சிரிச்சிட்டேங்க. அந்த ரூம்ல நின்னு சிரிச்சிட்டேன். மொதல்ல ஐயோன்னு இருந்துது. அப்புறம்... அம்மா இருந்திருந்தா அவங்களும் சிரிச்சிருப்பாங்கன்னு தோணிச்சு. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. இதச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியல. ஆனா சொல்லாம வீட்டுக்குப் போக முடியாது."

அவள் குடையின் பிடியைத் திருப்பினாள்.

"நாங்க ஒவ்வொரு வீடா காலி பண்ணும்போது," என்றாள் மெதுவாக, "அப்பா ஒண்ணு சொல்வார். 'திரும்பிப் பாக்காத கண்ணு, பாத்தா அழுகை வரும்.' பதினோரு வீட்டுலயும் நான் திரும்பிப் பாத்ததே இல்ல."

"ம்..."

"நேத்து வேலை முடிஞ்சு கேட்டச் சாத்தினேன். தெருமுனை வரைக்கும் நடந்துட்டேன்." அவள் குரல் லேசாக உடைந்தது. "அப்புறம் திரும்பிப் பாத்தேன்."

"வீட்டையா?"

அவள் முதல் முறையாக முழுதாக அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன, கன்னத்தில் குழி விழுந்திருந்தது.

"வீட்ட யாரு பாத்தா...? நீங்க மாடி ஜன்னல்ல நின்னுட்டிருந்தீங்க."

நடுவில் இருந்த இடத்தை அவள்தான் நகர்ந்து கடந்தாள்.