முப்பத்தெட்டு மாட்டு வண்டிகள்

"ஐயோ... ரோலண்ட்...!"

பியாட்ரிஸின் அலறலில் குளுவாங் ரயிலடி முச்சந்தியே ஓடி வந்தது.

வண்டி எண்ணும் கொட்டகைக்குள் கிடந்தான் ரோலண்ட். அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. பின்மண்டையில் கம்பி அடி. மூச்சில்லை!

ஊர் பெருத்துவிட்டது, சாலையில் நெரிசல். எந்தச் சாலையை அகலமாக்குவது என்று பார்க்க, சந்திக்கு ஒரு கிராணியை, அதாவது குமாஸ்தாவை, உட்கார வைத்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை, போகிற வண்டிக்கெல்லாம் தாளில் ஒரு கோடு.

அரை மைல் தள்ளி, மெர்சிங் சாலைச் சந்தியில் இன்னொரு கிராணி லியோனார்ட்.

அவனுக்கு வயிறு எரியத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. பெரிய கிராணி வேலை ரோலண்டுக்கு. பியாட்ரிஸும் ரோலண்டுக்கு. அட, வண்டி அதிகம் போகிற சந்தி கூட ரோலண்டுக்குத்தான்!

போலீஸ் சார்ஜன் மணியம் கரும்பைக் கடித்தபடி அவன் முன்னால் வந்து நின்றார்.

"ரோலண்டை யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க."

"அலமாக்! எப்ப சார்?"

"மூணு மணி வாக்குல. நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் சார்! எழுந்திரிக்கவே இல்ல. தாளைப் பாருங்க... கார் இருபத்தொண்ணு, சைக்கிள் அறுபத்துநாலு, மாட்டு வண்டி முப்பத்தெட்டு!"

மணியம் பார்த்தார். கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன.

"நல்லா எண்ணியிருக்கீங்க. ரோலண்ட் தாள்ல மாட்டு வண்டிக் கட்டமே காலி லா."

லியோனார்டின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்! சோம்பேறி! சும்மா உக்காந்திருப்பான். அவனுக்குப் போய் பெரிய கிராணி வேலை!"

"ஒரு வண்டியைக் கூட அவர் விட்டிருக்க மாட்டாரு..."

"விட்டுட்டான் சார்! நான் எண்ணினேனே!"

மணியம் கரும்புச் சக்கையைத் துப்பினார்.

"இன்னைக்கு மாட்டுப் பொங்கல்டா! ஊர் மாடெல்லாம் கொம்புல சாயத்தோட மாரியம்மன் கோயில் வாசல்ல பொங்கல் தின்னுக்கிட்டு இருக்கு. உன் முப்பத்தெட்டு வண்டியை யாருடா இழுத்தா?"

பென்சில் கீழே விழுந்தது.

போன வாரத் தாளைப் பார்த்து எழுதியவன், காலண்டரைப் பார்க்கவில்லை! ரோலண்டின் கொட்டகைக்குப் பின்னால் கம்பியோடு பதுங்கிக் கிடந்தவன் சாலையையும் பார்க்கவில்லை.

"அவ... அவனைப் பாத்து மட்டும்தான் சார் சிரிப்பா..." லியோனார்ட் விம்மினான். "என்னைப் பாத்து ஒரு தடவை கூட..."

மணியம் விலங்கை மாட்டினார்.

"போலீஸ் லாரி வந்திருக்கு. அதுக்கு ஒரு கோடு போட்டுட்டு ஏறு... இன்னைக்கு நீ கண்ணால பாத்து எண்ணுற முதல் வண்டி அதுதான்!"