லொறெய்னின் வலது கால்

"நோகுதா மனெ?" என்று கிளென் கொஞ்சிக் கேட்பது தன்னையல்ல, தன் வலது காலைத்தான் என்பது லொறெய்னுக்குச் சில நாள் கழித்தே உறைத்தது.

வருடக்கணக்காக அந்தக் கணுக்கால் சும்மா நடந்தாலே பிரண்டுவிடும். கலியாண வீட்டில் ஆட்டத்துக்கு வயலின் தொடங்கியதும் அவள் கதிரையில் உட்கார்ந்துவிடுவாள். அவள் புருஷன் கிளென், பக்கத்து வீட்டு அன்ட்றியாவின் இடுப்பில் கைவைத்து ஆடுவான். வயிறு எரிந்துதான் அவள் ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தாள். இரண்டு சின்னத் துளை போட்டு, கமெராவை உள்ளே விட்டு, தளர்ந்த மூட்டுநாரை எலும்போடு இழுத்துத் தைத்தார்கள். "இனிப் பிரளாது," என்றார் டொக்டர். அன்ட்றியா ஒழிந்தாள் என்று லொறெய்ன் மகிழ்ந்துபோனாள்.

இப்போது பொழுது சாய்ந்து, வாவியின் சேற்று வாடை யன்னலால் ஏறி வரும் நேரமெல்லாம், கிளென் எண்ணெய்க் கிண்ணத்தோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த இரண்டு தழும்புகளையும் தடவிக்கொண்டேயிருப்பான். அவன் கை பட்டதும் கால்விரல்கள் மெல்ல விரிந்தன. அவள் விரிக்கவில்லை.

"கிளென், என்னைப் பாருங்க."

"சத்தம் போடாத. அவ இப்பதான் கண்ணயர்றா."

"ஆர்?"

அவன் போர்வையை இழுத்து அந்தக் காலுக்கு மட்டும் போர்த்தினான்.

அன்ட்றியாவென்றால் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லலாம். உடம்போடு ஒட்டிக்கிடக்கும் இவளை எங்கே துரத்துவது? தையல் பிய்ந்து பழையபடி பிரண்டால்தான் இவள் ஒழிவாள்.

மறுநாள் கிளென் சேர்ச்சுக்குப் போன பிறகு, குசினிப் படியில் அந்தக் காலைச் சரித்து வைத்து, முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டாள். பிரளவில்லை. இன்னும் அழுத்தினாள். கால் அவளைத் திருப்பித் தள்ளியது.

மல்லாக்க விழுந்தாள்.

கிளென் திரும்பி வந்து கேற் திறக்கும் சத்தம். கால் வாசல் பக்கம் திரும்பியது. அவளையும் இழுத்தது. சீமெந்தில் நகம் பதித்தாள். நகம் பிய்ந்தது. கால் நிற்கவில்லை.

"கிளென்! என்னைப் பிடிங்க!"

அவன் குனிந்தான். இரண்டு கையாலும் காலை ஏந்தினான்.

"ஆர் மனெ உனக்கு நோகச் செய்தது?"

பிறகு மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தான். கால் துள்ளியது. அவனும் காலும் ஆடினார்கள். கூடத்தைச் சுற்றி. சுற்றி. பின்னால், தரையோடு, அவள். மேசைக்காலில் தலை மோதியது. மறுபடியும் மோதியது.

அவன் கீழே பார்க்கவேயில்லை.