காவு என்றொரு ஃபீல்டு

ஓசூர் சிப்காட்டில் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையும் பிரஸ் ஷாப்பும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் நின்ற பெரிய பிரஸ், போன மாதம்தான் தன்னை ஓட்டிய மாதப்பனைத் தின்றிருந்தது.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கவேண்டும். உற்பத்தி கூடட்டுமென்று ஒரு பொத்தான் அழுந்தியே இருக்கக் குச்சியைச் செருகி, ஒரு கையாலேயே ஓட்டச் சொன்ன புண்ணியவான் சூப்பர்வைசர் சௌந்தரராஜன். மாதப்பன் தோள்வரை உள்ளே போனான். தகட்டோடு ஒட்டியதைச் சுரண்டித்தான் எடுத்தார்கள். மறுநாளே குச்சி திரும்பி வந்தது. இப்போது அங்கே நிற்பது, கம்ப்யூட்டர் அறையில் நிரல் எழுதும் அஸ்மத்தின் தம்பி அதாவுல்லா.

மத்தியானம் சாப்பிட்டு வந்து அஸ்மத் தன் ஜாவா நிரலை ஓட்டினாள். அதில் ஒவ்வொரு இயந்திரமும் ஓர் ஆப்ஜெக்ட்; அதைப் பற்றிய ஒவ்வொரு விவரமும் ஒரு ஃபீல்டு. ஒளித்துவைத்த ஃபீல்டுகளைக்கூட, ஆப்ஜெக்டின் உள்ளே எட்டிப் பார்க்கும் ஜாவா வசதியான ரிஃப்ளெக்‌ஷன் வேல்யூவோடு கக்கவைத்துவிடும்.

பெரிய பிரஸ்ஸுக்கு வேகம், அழுத்தம், வெப்பம். இவை அவள் எழுதியவை. நாலாவதை அவள் எழுதவில்லை.

காவு = மாதப்பன்.

எந்த வேலையத்தவனின் குசும்பு இது என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. நிரல் முழுக்கத் தேடினாள். அப்படியொரு வரியே இல்லை. மறுபடி ஓட்டினாள். ஏசி அறையில் ரத்தக் கவிச்சி அடித்தது.

காவு = அதாவுல்லா.

தடுப்பைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தம்பி முழங்கைவரை பிரஸ்ஸுக்குள் கையை விட்டபடி வெளிறி நின்றான்.

"அக்கா, கை வரமாட்டேங்குது," என்றான் மெல்ல. "உள்ளாற யாரோ புடிச்சிருக்காங்க."

மெயினை அணைத்தாள். அணைத்த பிறகும் பிரஸ் இறங்கியது, விரற்கடை விரற்கடையாக.

ரிஃப்ளெக்‌ஷனால் பார்க்க மட்டுமல்ல, மாற்றவும் முடியும். திரும்ப ஓடிவந்து ஃபீல்டைக் காலியாக்கினாள். பெயர் மறுபடி வந்து உட்கார்ந்தது. காலியாக இருக்க அதற்கு இஷ்டமில்லை.

வேறு பெயரைத் தட்டினாள்.

சௌந்தரராஜன்.

மெயினை யார் அணைத்தது என்று கத்திக்கொண்டு வந்தவர், யாரோ முடியைப் பிடித்து இழுத்தாற்போல் பிரஸ்ஸுக்குள் குனிந்தார். அதாவுல்லா பின்னால் விழுந்தான். ஒரே அடி. கண்ணாடி முழுக்கச் சிவப்பு. கழுத்துக்குக் கீழே இருந்தது மட்டும் கொஞ்ச நேரம் உதறிக்கொண்டிருந்தது.

அஸ்மத்துக்குப் பாவமென்றே தோன்றவில்லை. தம்பி பிழைத்தான், அல்லாஹ்வே, அது போதும் என்று மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலை பிரஸ்ஸைக் கழுவ அதாவுல்லாவைத்தான் அனுப்பினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரஸ்ஸுக்குள் கையை விட்டவன் திடீரென்று அசையாமல் நின்றான். அஸ்மத் நிரலை ஓட்டிப் பார்த்தாள்.

காவு = அதாவுல்லா.

கெலமங்கலத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் டீயோடு பக்கத்தில் வந்தாள்.

"ஆறிடும், குடிங்கக்கா."

அஸ்மத் விரல்களைக் கீபோர்டில் வைத்தாள்.

"உன் பேரு என்னம்மா?"